காட்டுப்பூவரசில் சர்பத் போடலாமா?

கேள்வி: உத்தரகண்ட் சுற்றுலாவில் புராஞ்ச் பூ சர்பத் குடித்தோம். அருமையாக இருந்தது. ஊட்டியில் தொட்டபெட்டா போகும் வழியில் அதே சிவப்புப் பூவைப் பார்த்தேன். அடுத்த முறை வரும்போது ஒரு பை பறித்து வந்து வீட்டிலேயே சர்பத் போடலாமா? அங்கே உதிர்ந்து வீணாகத்தானே போகிறது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். ஒரு பூகூடப் பறிக்காதீர்கள்.

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நீங்கள் பார்த்தது காட்டுப்பூவரசு. தாவரவியலாளர்கள் பலர் அதைப் புராஞ்சின் கிளையினமாகவே வைக்கிறார்கள். ஆனால் புராஞ்ச் உத்தரகண்டின் மாநில மரம். அங்கே மலைச்சரிவு முழுக்கக் காடாகவே நிற்கிறது. இங்கே அப்படியா? நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில், சோலையின் ஓரத்திலும் புல்வெளியிலும் ஒன்றிரண்டாக நிற்கிற மரம். முறுக்கிய அடிமரம், தோல் போலத் தடித்த இலை, அதைத் திருப்பினால் துரு நிறம். மெல்ல வளர்கிற சாதி. குளிர்கால மலையில் தேனீக்கும் வெள்ளைக்கண்ணிக் குருவிக்கும் அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. பூ உதிர்ந்த பிறகு காயாகி, தூள் போன்ற விதை காற்றில் போகும். இதில் வீண் எங்கே வந்தது?

சட்டமும் விடாது. காப்புக்காட்டுக்குள் பூவும் வனப்பொருள்தான். முகுர்த்தி போன்ற தேசியப் பூங்கா என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மலைப் பழங்குடிகளான குறும்பரும் இருளரும் தேன் எடுக்கிறார்களே என்று கேட்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. 2006 வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை. கார் எடுத்துக்கொண்டு வருகிற நமக்கு அது கிடையாது.

அப்புறம், உங்கள் உடம்பு. காட்டுப்பூவரசின் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, நாடி தளர்வது எல்லாம் அதன் வேலை. கி.மு. 401இல் கருங்கடல் பக்கம் இப்படிப்பட்ட பூக்களின் தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகச் சுருண்டு விழுந்தார்கள். வடக்கே சர்பத் போடுகிறவர்கள் மகரந்தத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுப்பார்கள். எந்தப் பூ, எவ்வளவு என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். ஒரு கோப்பை குடித்ததால் அது நமக்கு வந்துவிடாது.

இதைவிட எனக்குப் பயம் வேறொரு பூவைப் பற்றி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் பெரிய குழல் போலத் தலைகீழாகத் தொங்குமே, வெள்ளையும் இளமஞ்சளுமாக? சாயங்காலம் வாசனை தூக்கும். ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம் அது. பூ, இலை, விதை எல்லாமே விஷம். புத்தி தடுமாறும், உயிரும் போகலாம். பூச் சர்பத் ஆசையில் பை தூக்கிக்கொண்டு வருகிறவர் கைக்கு முதலில் எட்டுவது இந்த வேலிப் பூதான். தேயிலைத் தோட்டத்து ஓரப் பூவும் வேண்டாம், மருந்து தெளித்திருப்பார்கள்.

பூச் சர்பத்தான் வேண்டும் என்றால் வீட்டுச் செம்பருத்தி போதும். மருந்து படாத ஒற்றையடுக்குச் சிவப்புப் பூ பத்துப் பதினைந்து எடுத்து, பச்சைக் காம்பையும் நடுத்தண்டையும் நீக்கி, இதழைக் கழுவுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இதழைப் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் கருநீலமாகிவிடும். வடிகட்டி, சர்க்கரை கலந்து, ஆறிய பிறகு அரை எலுமிச்சை பிழியுங்கள். முதல் சொட்டு விழும்போதே அந்தக் கருநீலம் பளீரென்று சிவப்பாக மாறும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பிழியுங்கள்.