மூன்று மணிக்கே டேட்டா காலி: மெயில்தான் காரணமா?

கேள்வி: மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில்தான். தினம் 1.5 ஜி.பி. பேக். மதியம் மூன்று மணிக்கெல்லாம் காலி. வீடியோ பார்ப்பதில்லை, மெயில் மட்டும்தான். எம்.சி. ரோட்டில் ரீசார்ஜ் கடைக்காரர் பெரிய பேக்குக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். ரீசார்ஜ் விற்கிறவரிடம் போய் ரீசார்ஜ் வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?

வெறும் எழுத்து மட்டும் உள்ள மெயில் சில கே.பி.தான். நூறு வந்தாலும் உங்கள் பேக்கில் கீறல்கூட விழாது. கனமெல்லாம் மெயிலோடு வரும் இணைப்பில்தான் (அட்டாச்மென்ட்). அதைவிட, ஒரே சரக்கு இரண்டு மூன்று வழியில் போய் வருவதில்.

போன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பாருங்கள். யார்டில் சீல், கதவு, டேமேஜ் என்று படமாக எடுத்துத் தள்ளுவீர்கள் அல்லவா? மொபைல் டேட்டாவிலும் பேக்கப் எடுக்கலாம் என்று எப்போதோ ஓகே கொடுத்திருந்தால், அத்தனை படமும் தானாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். பட்டியலில் போட்டோ ஆப் முதலில் நின்றால் திருடன் அதுதான். பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பாவம், மெயில் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்து, போனோடு வந்த மெயில் ஆப், ஜிமெயில் ஆப் இரண்டிலும் ஒரே அக்கவுன்ட்டைப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை இறங்குகிறது. ஒன்றிலிருந்து எடுத்துவிடுங்கள். சாதாரண மெயில் ஆப்கள் இணைப்பை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். அதில் கனம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 4 எம்.பி. படம் மூன்று அனுப்பினால் 12 அல்ல, 16 எம்.பி. போகும். அனுப்புமுன் படத்தைச் சின்னதாக்குங்கள். சீல் நம்பர் தெரிந்தால் போதும், துரு எல்லாம் துல்லியமாக வேண்டாம்.

ஜிமெயில் ஆப் செட்டிங்ஸில் உங்கள் அக்கவுன்ட்டைத் தொட்டால், எத்தனை நாள் மெயிலை போனில் வைப்பது என்று இருக்கும். 30ஐ 7 ஆக்குங்கள். படங்களுக்கு 'கேட்டுவிட்டுக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜவுளிக்கடை தள்ளுபடி மெயில்களின் வண்ணப் படங்கள் அதோடு நிற்கும். பேக்கிங் லிஸ்ட்டை இன்னொருவருக்கு அனுப்ப, இறக்கி மறுபடி இணைக்காமல், வந்த மெயிலையே ஃபார்வர்ட் செய்யுங்கள்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பேக் போடுங்கள். வேலைக்கான செலவு, ஆபீசில் கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. டேட்டா தீர்ந்தாலும் பல பேக்குகளில் நெட் அறுந்துவிடாது, வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது நொடிக்கு 8 கே.பி.க்கு, இறங்கும். அந்த வேகத்தில் 3 எம்.பி. பி.டி.எஃப். இறங்க ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். எழுத்து மெயில் ஓரிரு நொடியில் வந்துவிடும். கன்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்தும் ஏழு இலக்கமும்தான். மூன்று மணிக்கு மேல் ஸ்கேன் அனுப்பாமல் நம்பரை டைப் செய்து அனுப்பும்படி ஆபீசில் சொல்லிவையுங்கள்.