சிறிய அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு ரெண்டர் சர்வர் தனியாக எதற்கு? ஒர்க்ஸ்டேஷனே போதாதா?

ஒர்க்ஸ்டேஷன் என்பது கலைஞர் உட்கார்ந்து முப்பரிமாண மாடலை அசைத்துப் பார்க்கும் கணினி. ரெண்டர் சர்வர், அவர் முடித்த காட்சியை நிழல், வெளிச்சம் எல்லாம் கணக்கிட்டுப் படமாக்கித் தருவது. அதற்குத் திரைகூட வேண்டாம்.

நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம் என்றால் ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 ஃபிரேம். ஒன்றுக்குப் பத்து நிமிடம் பிடித்தால், ஒரே கணினி பத்து நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். அதுவரை கலைஞர் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்? பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகக் கணக்கிடலாம் என்பதால், ஐந்து சர்வருக்குப் பிரித்துக் கொடுத்தால் இரண்டே நாள். சிங்கப்பூர் தேக்காவில் பரோட்டாக் கடைக்காரர் கூட்டத்துக்கு இன்னொரு கல் போடுவதுபோலத்தான்: வரிசை சீக்கிரம் நகரும், ஒரு பரோட்டா வேகும் நேரம் மாறாது.

சிங்கப்பூரில் பலர் மறப்பது ஏர்கானை. பல அலுவலகக் கட்டடங்களில் மாலையில் மைய ஏர்கானை நிறுத்திவிடுவார்கள். ரெண்டர் ஓடுவதோ இரவில். சர்வர் அறைக்குத் தனி ஏர்கான் இல்லையென்றால் சூட்டில் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், ஆறாவது சர்வருக்கு முன் அதை வாங்குங்கள்.

சர்வர் வாங்கினால் கலைஞரின் திரையில் காட்சி திக்குவதும் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. அது அவரது ஒர்க்ஸ்டேஷனின் கிராஃபிக்ஸ் கார்டையும் ப்ராசஸரையும் பொறுத்தது.