வென்டிலேட்டரில் குழந்தை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைகள் ஐசியுவில் டாக்டராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி (ஒரு அம்மா): நிமோனியா முற்றி என் 4 வயது மகள் 3 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறாள். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு, சதவீதத்தில்) 92-ஐத் தாண்டவே இல்லை. 100-க்குக் கொண்டுவர முடியாதா டாக்டர்?

பதில்: அந்த எண்ணையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், புரிகிறதும்மா. 100 ஆக்க வேண்டுமென்றால் ஆக்சிஜனைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். புண்பட்ட நுரையீரலுக்கு இரண்டுமே அடிதான். அதனால் 92 முதல் 97 வரை இருந்தால் போதும் என்பதுதான் வழக்கம், பாதிப்பு கடுமையாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் கீழேயும் விடுவோம். பிரிட்டனில் வென்டிலேட்டரில் இருந்த சுமார் 2,000 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதில் 88-92 என்று வைத்த குழந்தைகள், 94-க்கு மேல் வைத்தவர்களைவிடச் சற்று நன்றாகவே தேறினார்கள். வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தாது, நுரையீரல் ஆறும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு எவ்வளவு இலக்கு என்று அங்கே உள்ள டாக்டரிடமே கேளுங்கள், தயங்காதீர்கள்.

கேள்வி (ட்யூட்டி டாக்டர்): 10 வயதுப் பையன், உயரம் 140 செ.மீ., எடை 50 கிலோ. டைடல் வால்யூமை (ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவை) எந்த எடைக்குக் கணக்கிடுவது டாக்டர்?

பதில்: உயரத்துக்கு ஏற்ற எடைக்கு. உடம்பு பருத்தால் நுரையீரல் பெரிதாகிவிடாது. 140 செ.மீ.க்கு ஏறக்குறைய 32 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு 6 மில்லி வீதம் 192 மில்லி. 50 கிலோவுக்குப் போட்டால் 300, அதாவது அந்த 32 கிலோ கணக்கில் கிலோவுக்கு 9 மில்லிக்கு மேல் போய்விடும், இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நுரையீரல் கடுமையாகப் பாதித்த பெரியவர்களில் கிலோவுக்கு 12 மில்லிக்குப் பதில் 6 மில்லி கொடுத்தபோது இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31-ஆகக் குறைந்ததை 2000-ல் வந்த ஆய்விலேயே பார்த்தோம். குழந்தைகளுக்கு 6 முதல் 8, நுரையீரல் ரொம்ப இறுகியிருந்தால் அதற்கும் கீழே. பிளாட்டோ (மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும்போது உள்ள அழுத்தம்) 28-க்குள், டிரைவிங் பிரஷர் (அதிலிருந்து மூச்சு விட்டபின் மிஞ்சும் அழுத்தத்தைக் கழித்தது) 15-க்குள் நிற்கட்டும். காற்றைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறுமே என்பீர்கள். ஏறட்டும், மூளை அழுத்தம் மாதிரி வேறு சிக்கல் இல்லாமல் ரத்தத்தின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.20-க்குக் கீழே போகாதவரை பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு அப்பா): பையனைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்க்கவே முடியவில்லை, இது எதற்கு?

பதில்: மல்லாந்தே கிடந்தால் இதயத்தின் பாரமும் நீர் கோத்த நுரையீரலின் பாரமும் முதுகுப்பக்கத்தை அமுக்கிவிடும், அங்கே காற்றே போகாது. குப்புறப் போட்டால் அந்தப் பக்கம் விரியும். பெரியவர்களில் கடுமையான பாதிப்புக்கு இது உயிர் காக்கிறது என்று 2013-ல் தெரிந்தது. குழந்தைகளில் 2005-ல் வந்த ஆய்வு அப்படிப் பலன் காட்டவில்லை, ஆனாலும் ஆக்சிஜன் மிக மோசமாக இருந்தால் செய்து பார்க்கிறோம். திருப்பும்போது ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபை மட்டும் பிடித்திருப்பார், அவர் எண்ணினால்தான் மற்றவர்கள் அசைவார்கள். முகம் வீங்கித் தெரியும், திரும்ப மல்லாத்தினால் வடியும்.

கேள்வி (நர்சிங் மாணவி): திடீரென்று சாச்சுரேஷன் இறங்கினால் முதலில் என்ன பார்க்க வேண்டும் டாக்டர்?

பதில்: அலாரத்தை அணைக்காமல் குழந்தையின் நெஞ்சைப் பாரும்மா, உடனே ஆள் கூப்பிடு. ட்யூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்ததா, மெஷினில் கோளாறா? இந்த நான்கையும் இதே வரிசையில் யோசி. குழந்தையின் ட்யூப் சின்னது, உதட்டருகே ஒரு செ.மீ. நகர்ந்தாலே இடம் மாறிவிடும். அதனால் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் உதட்டருகே எத்தனை செ.மீ. என்று படித்து எழுதிவிடு.

கேள்வி (ஒரு தாத்தா): ட்யூப் எடுத்தாச்சு. பேரன் எங்களைத் தெரியாதவன்போல் பார்க்கிறான், கை நடுங்குகிறது, தூக்கமில்லை.

பதில்: பல நாள் கொடுத்த மயக்க மருந்தைக் குறைக்கும்போது இப்படி வரும் ஐயா. ஐசியுவில் குழந்தைகளுக்கு மனக்குழப்பமும் வரும். இரண்டையுமே கவனித்து மருந்தை மெல்லக் குறைக்க வேண்டும், அதனால் நீங்கள் சொன்ன மூன்றையும் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அவனுடைய போர்வை, பொம்மை ஏதாவது கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் விளக்கணைத்த அமைதி, நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் பெயர் எல்லாம் உதவும். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். குரல் கம்மியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டால் உடனே கூப்பிடுங்கள்.