ஐ.எம். விஜயன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பிகில்’ படத்தில் நடித்த ஐ.எம். விஜயன் இந்தியக் கால்பந்து அணியில் ஆடியவர் என்பது என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கால்பந்தில் பாய்ச்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி எல்லாம் கேள்விப்பட்ட பெயர்கள். இவரை மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? அவர்கள் அளவுக்கு இவர் ஆடவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

ஆட்டத்தில் விஜயன் யாருக்கும் குறைந்தவரல்ல. பந்தைக் காலில் வாங்கித் திரும்புகிற லாவகத்தில் பூட்டியாவைவிட ஒரு படி மேல் என்பேன். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கறுப்பு மான்’. கால்பந்துப் பித்துப் பிடித்த அந்த ஊரில் அப்படியொரு பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

1969இல் திருச்சூரில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் அங்குள்ள நகராட்சி மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா. பதினேழு வயதில் கேரளா போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 1990இல் அதே திருச்சூரில் அந்த அணி, இந்தியக் கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சோடா விற்ற பையன் ஊரார் முன்னால் கோப்பையோடு நின்றதைக் கேரளம் இன்னும் மறக்கவில்லை.

பூட்டியாவும் சிக்கிமில் ஒரு விவசாயியின் மகன்தான். ஆனால் ஒன்பது வயதிலேயே விளையாட்டு உதவித்தொகை கிடைத்து கேங்டாக்கில் படிக்கப் போய்விட்டார். அப்படிக் கைதூக்கிவிட விஜயனுக்கு அந்த வயதில் யாருமில்லை.

காலமும் விஜயனுக்குச் சாதகமாக இல்லை. தேசிய லீக் தொடங்கியதே 1996இல்தான். அந்த முதல் பட்டத்தைப் பஞ்சாபின் ஜேசிடி கிளப் வென்றபோது இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். பூட்டியாவுக்கு இருபது வயது, விஜயனுக்கு இருபத்தேழு. ஒருவருக்கு அது தொடக்கம். மற்றவரின் துடிப்பான ஆண்டுகளில் பாதி, நாடு முழுக்கப் பார்க்க ஒரு லீக்கே இல்லாமல் கழிந்திருந்தது. 1999இல் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார், நாடே அவரைத் தெரிந்துகொண்டது. அதே ஆண்டு தெற்காசியப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது விநாடியில் விஜயன் கோல் அடித்தார். அதை எத்தனை பேர் பேசினார்கள்? சேத்ரி இந்திய அணிக்கு வந்தது 2005இல். விஜயன் 2003லேயே விடைபெற்றுவிட்டார்.

எனக்கு ஆறாத கோபம் விருதுகளைப் பற்றித்தான். ஆண்டின் சிறந்த இந்திய வீரராக மூன்று முறை தேர்வானவர் விஜயன். அவரைவிட ஏழு வயது இளையவரான பூட்டியாவுக்கு 1998இல் அர்ஜுனா, 2008இல் பத்மஸ்ரீ. பூட்டியா அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் விஜயனுக்கு அர்ஜுனா வந்தது 2003இல், ஓய்வுபெற்ற ஆண்டில். பத்மஸ்ரீக்கு 2025வரை காக்கவைத்தார்கள்.

உங்கள் மகனுக்கு என் அன்பு. பழைய ஆட்டக் காட்சிகள் கிடைத்தால் அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.