ட்ரோம்சோவில் ஒரு நாள் கையில் இருந்தால்: கேள்வி பதில்

நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ஏறக்குறைய 350 கி.மீ. மேலே, ஒரு தீவின்மீது இருக்கிற ஊர் ட்ரோம்சோ. கருத்தரங்கு, விமான மாற்றம், கப்பல் பயணம், ரத்தான சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்தால் பலருக்கு இங்கே ஒரு நாள் சும்மா கிடைத்துவிடுகிறது. அவர்கள் கேட்டவற்றுக்கு, இங்கேயே வேலை பார்த்துக் குடியிருக்கும் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. விலைகளை மட்டும் கேட்காதீர்கள். வருடா வருடம் ஏறுகிறது, நான் சொல்லி முடிப்பதற்குள் பழசாகிவிடும்.

கார்த்திக், பெங்களூரு: அக்கா, டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு கருத்தரங்குக்கு வர்றேன். முடிஞ்ச மறுநாள் முழுக்க ஃப்ரீ. அப்ப சூரியனே வராதாமே? இருட்டுல என்னத்தைப் பாக்குறது?

சூரியன் வராது என்பது சரி. இருட்டு என்பது பாதிதான் சரி. நவம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடு வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே எழுவதில்லை. ஆனால் நண்பகலில் அது தொடுவானத்துக்குச் சற்றே கீழேதான் இருக்கிறது. அதனால் காலை பத்து மணி வாக்கில் வெளுக்கத் தொடங்கி மதியம் ஒன்றரை வரை வானம், பனி, கடல் எல்லாம் நீலமாகக் கிடக்கும். மேகம் இல்லாவிட்டால் தெற்கு மலைகளுக்குப் பின்னால் இளஞ்சிவப்பும் படரும். தம்பி, உங்கள் கையிலிருப்பது இந்த மூன்றரை மணி நேரம்தான். ஹோட்டல் காலை உணவில் அதைக் கரைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் வெளியே, இருட்டியதும் உள்ளே. இந்த ஊரில் திட்டம் போட இந்த ஒரு கணக்குப் போதும்.

ஒன்பதரைக்குக் கிளம்பி, கடைத்தெருவான ஸ்டூர்காத்தா வழியாகப் பாலத்துக்கு நடங்கள். 1960-இல் திறந்த பாலம், நீளம் 1,036 மீட்டர், இரண்டு பக்கமும் நடக்க இடமுண்டு. நடுவில் கப்பல்கள் போவதற்காக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அங்கே காற்று ஆளைத் தள்ளும், காதை மூடிக்கொள்ளுங்கள். அக்கரையில் முக்கோணம் முக்கோணமாக நிற்பதுதான் எல்லாப் படங்களிலும் வரும் ‘ஆர்க்டிக் கதீட்ரல்’. யான் இங்கே ஹோவிக் வடிவமைத்து 1965-இல் கட்டியது. உண்மையில் அது பேராலயம் இல்லை, ட்ரோம்ஸ்டாலன் பகுதியின் பங்குக் கோயில். ஆயரின் பேராலயம் ஊருக்குள்ளேயே மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. 1861-இல் முழுக்க மரத்தால் கட்டியது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆர்க்டிக் கதீட்ரலுக்கு உள்ளே கட்டணம் உண்டு. கிழக்குச் சுவர் முழுக்க இருக்கும் வண்ணக் கண்ணாடிக்காகப் போகலாம். ஆனால் துருவ இரவில் வெளியிலிருந்து வெளிச்சம் வராது என்பதால் டிசம்பரில் நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். பாலத்தில் திரும்பி வரும்போது உள்விளக்கு எரிய அதைப் பார்ப்பதுதான் அழகு, அதற்குக் காசும் இல்லை.

நித்யா, கோவை: அந்தப் பக்கம் மலைமேல போற ரோப் கார் உண்டாமே? படியும் இருக்குன்னு சொல்றாங்க. எது நல்லது?

பழனியைப் போலத்தான், ரோப் காரும் உண்டு, படியும் உண்டு. 1961-இல் கடல்நாய் வேட்டைக் கப்பல்கள் நடத்திய ஒரு கம்பெனி போட்ட ரோப் கார் இது. அதனால்தான் பெட்டிகளுக்குக் கரடி, கடல்நாய் என்று பெயர். மேலே 421 மீட்டர் உயரம், ஏறிச் சேர நான்கு நிமிடம். தீவு முழுவதும், பாலம், சுற்றிலும் மலைகள் என்று ஊரே காலடியில் தெரியும். படிகளுக்கு ஷெர்பா படிகள் என்று பெயர், மொத்தம் 1,203. நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கல் கல்லாக அடுக்கியது. கோடையில் ஏறுங்கள், இறங்க ரோப் காரைப் பிடித்தால் முழங்கால் தப்பும். குளிர்காலத்தில் படிப்பக்கமே போக வேண்டாம், பனியும் ஐஸும் மூடியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டால் மேலே வெள்ளைச் சுவர்தான் தெரியும், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். காற்று பலமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

சரவணன், துபாய்: எனக்கு ஒரே ஒரு ராத்திரிதான். துருவ ஒளி பார்க்கணும். டூர் பஸ்ஸுக்கு அவ்வளவு காசு கொடுக்கணுமா?

அன்றைய மேகத்தைப் பொறுத்தது. துருவ ஒளி எவ்வளவு பலமாக வரும் என்று கணிக்க உதவும் கேபி எண் ஒன்று உண்டு, எல்லோரும் ‘கேபி எண் எத்தனை’ என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ட்ரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, இங்கே சின்ன எண்ணே போதும். தடை மேகம்தான். நார்வே வானிலைத் துறையின் ‘இர்’ செயலியில் மேகப் படத்தைப் பாருங்கள். ஊருக்கு மேல் தெளிவாக இருந்தால் காசு செலவழிக்க வேண்டாம். ஊர் நடுவிலிருந்து மேட்டில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ப்ரெஸ்ட்வான் ஏரி வந்துவிடும். தெருவிளக்கு குறைவு, வானம் அகலம். தீவின் தெற்கு முனையில் டெலிகிராஃப்புக்தா கடற்கரையும் நல்ல இடம்.

ஊர்மேல் மேகம் கவிந்திருந்தால்தான் பஸ்ஸுக்கு மதிப்பு. கடலோரம் மூடியிருக்கும் பல இரவுகளில், மலைகளைத் தாண்டி உள்ளே ஷிபோட்டன் பள்ளத்தாக்கு, பின்லாந்து எல்லைப் பக்கம் வானம் திறந்திருக்கும். மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அந்தப் பகுதி வறண்டது. ஓட்டுநர்கள் அங்கே கொண்டுபோய் விடுவார்கள், நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவீர்கள். ஐஸ் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாமல் வாடகைக் கார் எடுத்து நீங்களே துரத்தப் போகாதீர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடுரோட்டில் வண்டியை நிறுத்துபவர்களால் ஊர்க்காரர்கள் நொந்துபோயிருக்கிறார்கள்.

முதலில் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் மேகக் கீற்றாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் செல்போனில் நைட் மோடில் ஒரு படம் எடுங்கள், பச்சையாக வந்தால் அதுதான். நூறு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் ஆக்சிஜன் தரும் நிறம் அது. பலமாக ஆடத் தொடங்கினால் கண்ணுக்கே பச்சை தெரியும், கேட்க வேண்டியிருக்காது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வந்தால் இந்தப் பேச்சே இல்லை, வானம் இருட்டாது.

மீனாட்சி, சென்னை: அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. பிப்ரவரியில் வருகிறோம். குளிர் தாங்குவார்களா?

குளிரைவிட வழுக்கலுக்குத்தான் பயப்பட வேண்டும். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் எட்டுவதால் துறைமுகமே உறைவதில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான். ஆனால் உருகி உருகி உறைவதால் நடைபாதை கண்ணாடியாகிவிடும். ‘ப்ரோடர்’ என்று ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டை விற்கிறார்கள், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். வந்து இறங்கியதும் இருவருக்கும் வாங்கிவிடுங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றச் சொல்லுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். உடையில் உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டாம்.

ரஃபீக், நாகூர்: மழை வந்தா? ரெண்டு பிள்ளைங்க, ஆறு வயசு, ஒன்பது வயசு. போலாரியாவா, போலார் மியூசியமா?

பெயர் ஒன்றுபோல இருப்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள். போலாரியா 1998-இல் திறந்தது, சரிந்து விழும் பனிப்பாளங்களைப் போன்ற கட்டடம், உள்ளே தாடிக் கடல்நாய்கள். உணவு கொடுக்கும் நேரத்தைக் கேட்டுப் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது போலார் மியூசியம்தான். 1830-களில் கட்டிய சுங்கக் கிடங்கு, தரை கிறீச்சிடும். இன்னும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிக்கரடி வேட்டையாடிக் குளிர்காலத்தைக் கழித்தவர்களின் குடிசை, பொறி, துப்பாக்கி எல்லாம் இருக்கின்றன. வான்னி வொல்ஸ்டாட் என்ற பெண்ணின் கதையை அங்கே தேடிப் படியுங்கள். ட்ரோம்சோவின் முதல் பெண் டாக்சி ஓட்டுநர், பிறகு 1930-களில் ஸ்வால்பார்டுக்குப் போய்க் கரடி வேட்டையாடியவர். மாடியில், தென் துருவத்தை முதலில் எட்டிய நார்வேக்காரர் அமுண்ட்சென். விபத்துக்குள்ளான இத்தாலிய வான்கப்பலைத் தேடி 1928 ஜூன் 18 அன்று இந்த ஊரிலிருந்து ‘லாத்தாம்’ விமானத்தில் கிளம்பினார், அவர் உடல் கிடைக்கவே இல்லை. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1978-இல் அதே தேதியில்தான் மியூசியத்தைத் திறந்தார்கள். வேட்டைக் காட்சிகளைக் கண்டு உங்கள் ஆறு வயதுக்காரர் முகம் சுளிக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் பக்கம் அறிவியல் மையமும் கோளரங்கமும் உண்டு. மழை நாளுக்கு அது போதும்.

உமா, திருச்சி: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, கவனம் வேண்டும். இந்திய உணவகம் இருக்கிறது, பீட்சா இருக்கிறது. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மீன் கொதித்த நீரா என்று கேட்டுவிடுங்கள். மலிவான வழி சூப்பர் மார்க்கெட்: ரொட்டி, தயிர், பழம், பழுப்புச் சீஸ். இந்தச் சீஸ் இனிக்கும், பால்கோவா சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். ரூபாயில் கணக்குப் போட்டால் பசியே போய்விடும் என்பதால் போடாதீர்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால் ‘மொல்யே’ கேளுங்கள். முட்டையிட வரும் காட் மீனை அதன் ஈரல், சினையோடு வேகவைத்துத் தருவார்கள். மசாலா கிடையாது.

ஜெயக்குமார், மதுரை: திமிங்கலம் பார்க்க ஒரு நாள் போதுமா?

நவம்பர் முதல் ஜனவரி வரைதான், அதுவும் ஹெர்ரிங் மீன் கூட்டம் எங்கே போகிறதோ அங்கே. சில வருடங்களாக வடக்கே ஷெர்வோய் பக்கம் போய்விட்டதால் படகில் போகவே மூன்று மணி நேரம் ஆகும். நாள் முழுக்க அதற்கே போய்விடும், கடல் கொந்தளித்தால் வாந்தி. ஒரே நாள் உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தர்ஷினி, டொரோண்டோ: அக்கா, ஜூன் கடைசியில வாறம். இரவு எட்டு மணிக்கு இறங்கி அடுத்த நாள் காலமை வெளிக்கிடுறம். இரவில என்ன செய்யலாம்? நோர்வேயில அந்தப் பக்கம் எங்கட ஆக்கள் இருக்கினமோ?

உங்களுக்கு அடித்தது யோகம். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதில்லை, ‘இரவு’ என்பதே கடிகாரத்தில்தான். பல்கலைக்கழகத்தின் ஆர்க்டிக்-ஆல்பைன் தாவரத் தோட்டத்துக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை, நேரமும் இல்லை. 1994-இல் திறந்தது. நீங்கள் வரும் காலத்தில் இமயமலையின் நீலப் பாப்பி பூத்திருக்க வாய்ப்பு அதிகம். நள்ளிரவு வெயிலில் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு ரோப் கார் ஏறலாம், கோடையில் இரவு வெகுநேரம் ஓடும். மேலே வடக்குப் பக்கம் பார்த்து உட்காருங்கள். தூங்க வேண்டும் என்றால் கண்மூடித் துணி எடுத்து வாருங்கள்.

உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். 1980-களிலிருந்தே ஈழத்தமிழர்கள் இன்னும் வடக்கே, ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களான வார்டோ, போட்ஸ்ஃபியூர்டில் மீன் ஆலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். பனிப்புயலில் வேலைக்குப் போய் மீன் வெட்டிய தலைமுறை அது. பலர் பிறகு ஒஸ்லோ, பெர்கன் பக்கம் குடிபெயர்ந்தார்கள். ட்ரோம்சோவிலும் குடும்பங்கள் உண்டு, பேருந்தில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்: இரண்டாம் உலகப் போரில் இவ்வூரின் பங்கு பற்றிப் பார்க்க ஏதும் உண்டா?

நிறைய உண்டு ஐயா, ஆனால் பார்வைக்கு அமைதியாக இருக்கும். 1940 ஜூன் 7 அன்று மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அரசும் பிரிட்டிஷ் கப்பலேறி நாட்டை விட்டுப் போனது இங்கிருந்துதான். ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் ‘டிர்பிட்ஸ்’ 1944 நவம்பர் 12 அன்று மேற்கே ஹோகோய் தீவருகில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் கவிழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் மாலுமிகள் இறந்தார்கள். அதே இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கை எரித்துவிட்டுப் போனது. அகதிகள் இந்த ஊரில் வந்து குவிந்தார்கள், ட்ரோம்சோ எரியாமல் தப்பியது. அதனால்தான் இத்தனை வடக்கே பழைய மரவீடுகளை இங்கே பார்க்க முடிகிறது. ஸ்கிப்பர்காத்தா தெருவில் நடங்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

ஷாலினி, சிங்கப்பூர்: ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்குது!

கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மலை, பாலம், ஏரி எதற்கும் ஞாயிறு தெரியாது. ஊர்க்காரர்களும் அன்று பனிச்சறுக்குப் பலகையோடு வெளியேதான் இருப்பார்கள்.

பிரபு, ஹைதராபாத்: காலை 11 மணிக்கு ரூம் காலி பண்ணணும், விமானம் இரவு ஒன்பதுக்கு. பெட்டியை என்ன செய்றது?

ஹோட்டலிலேயே விட்டுப் போகலாம், எல்லோரும் செய்வதுதான். சும்மா உட்கார இடம் வேண்டுமென்றால் ஊர் நடுவில் நூலகம் இருக்கிறது. பழைய திரையரங்கின் வளைந்த கூரைக்குக் கீழே கண்ணாடிக் கட்டடம், மேல் மாடியில் உட்கார்ந்தால் துறைமுகம் தெரியும். விமான நிலையம் தீவின் மறுபக்கம், ஐந்து கிலோமீட்டர்தான். மலைக்குள் குடைந்த சுரங்கச் சாலையில் டாக்சி போகும், உள்ளேயே ரவுண்டானா எல்லாம் உண்டு. ஆனால் நகரப் பேருந்தே போதும், டிக்கெட்டைச் செயலியில் முன்கூட்டியே எடுங்கள். குளிர்கால சீசனில் சின்ன நிலையத்துக்குள் கூட்டம் பிதுங்கும், ஏழு மணிக்கே போய்விடுங்கள்.