லேன் கேபிள் கேள்வி பதில்: சேலம், ஏற்காடு நண்பர்களுக்கு

ஃபேர்லண்ட்ஸில் புது வீடு, இரண்டு மாடி. லேன் கேபிளில் கேட் (கேட்டகரி, அதாவது வகை) 5இ போடலாமா, கேட் 6ஆ, கேட் 7ஆ?

கேட் 6 போடுங்கள். 1 ஜிகாபிட்டை 100 மீட்டருக்குக் கொண்டுபோக 5இ போதும். ஆனால் சுவருக்குள் போனது சுலபத்தில் வெளியே வராது. கேட் 6, 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும்; வீட்டுக்குள் அதைத் தாண்டும் தூரம் வராது. கடையில் கேட் 7 என்று சாதாரண ஆர்ஜே45 முனையோடு தருவதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். அமெரிக்க டிஐஏ தரத்தில் அந்த வகையே கிடையாது. கரன்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்காதீர்கள், தனிப் பைப் விடுங்கள். வளைவில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்டு வையுங்கள். கேபிளின் விட்டத்தைப்போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது. 11 கிலோ விசைக்கு மேல் இழுத்தால் உள்ளே ஜோடி ஜோடியாக இருக்கும் ஒயர்களின் முறுக்கு கலைந்துவிடும். பெட்டியில் 'சிசிஏ' (தாமிரம் பூசிய அலுமினியம்) என்று இருந்தால் அதை வாங்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

முனையில் எட்டு ஒயரையும் அடுக்கும் கலர் வரிசை ஏ-யா, பி-யா?

எதுவானாலும் வேகம் ஒன்றுதான். இரண்டு முனையிலும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவே. பழைய இணைப்பு இருந்தால் அதன் வரிசையையே தொடருங்கள், இல்லையென்றால் பி. கிளிப் கீழே இருக்க, இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை கடையில் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனால் நெட்வொர்க் தடுமாறுகிறது, சில சமயம் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஏன்?

அந்த டெஸ்டர் ஒயர் தொடர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், ஜோடி சரியா என்று பார்க்காது. ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கியிருப்பார்கள். இரண்டு முனையிலும் அதே தவறு இருப்பதால் விளக்கு எரியும். ஆனால் 3, 6-ஆம் இடத்து ஒயர் இரண்டும் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும். இரண்டு வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்று வந்தால் முறுக்கினால் கிடைக்கும் இரைச்சல் தடுப்பு போய்விடும், ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் கசியும். இரண்டு முனையையும் வெட்டி, மேலே சொன்ன வரிசையில் திரும்பக் கிரிம்ப் செய்யுங்கள். பிறகும் 100 என்றால் ஸ்விட்ச் போர்ட்டே 100-தானா என்று பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்று விட்டாலும் ஜிகாபிட் வராது, 100-க்கு இறங்கலாம்.

அம்மாப்பேட்டை விசைத்தறி ஷெட், தகரக் கூரை. ஷீல்டு (உலோக உறை) கேபிள் கட்டாயமா?

கட்டாயமில்லை. மோட்டார் ஒயரிலிருந்து ஓரடி தள்ளித் தனிப் பைப்பில் கொண்டுபோங்கள், குறுக்கே கடக்கும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். இதைச் செய்தால் சாதாரண கேட் 6 போதும். ஷீல்டு போட்டால் ஜாக், பேட்ச் பேனல், எர்த் எல்லாம் ஷீல்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எர்த் இல்லாத ஷீல்டு வீண் செலவு. உங்களுக்கு உண்மையான எதிரி வெயில். சூடு ஏற ஏறச் சிக்னல் இழப்பும் ஏறும். 20 டிகிரியில் 90 மீட்டர் ஓடும் நிலையான கேபிளை, 60 டிகிரியில் 75 மீட்டருக்குள் நிறுத்த வேண்டும். தகரத்தை ஒட்டிக் கட்டாமல் சுவரோரம் கீழே இறக்குங்கள்.

ஏ-யா பி-யா, எது நல்லது?

இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட். அலுவலகத்திலிருந்து உலர்களம் 140 மீட்டர். நடுவில் ஸ்விட்ச் வைக்கலாமா?

வேண்டாம். தூரம் 100 மீட்டரைத் தாண்டுவது சின்னப் பிரச்சினை. மழைக்காலத்து இடிதான் பெரியது. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்த வித்தியாசம் தாமிரம் வழியாக ஓடி இரண்டு பக்கத்து ஸ்விட்சையும் சுட்டுவிடும். சிங்கிள் மோடு ஃபைபர் போடுங்கள், இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர். இரும்புக் கவசமோ தொங்கு கம்பியோ இல்லாத, முழுக்க உலோகமற்ற ஃபைபராகக் கேளுங்கள். உள்ளே இரும்பு வந்தால் அதன் வழியாகவும் மின்னல் வரும். எலி கடிக்காமல் எச்டிபிஇ குழாயில் புதையுங்கள்.

கொண்டலாம்பட்டியில் கேமரா மாட்டுகிறேன். நாலு வருஷமா சிசிஏதான் போடுறேன், ஒண்ணும் ஆகலை. ஏன் பயமுறுத்துறீங்க சார்?

20 மீட்டரில் 5 வாட் டோம் கேமரா என்றால் ஓடும், மறுக்கவில்லை. 100 மீட்டரில் 30 வாட் பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரமும் போகும்) கேமராவுக்குக் கணக்குப் போடுவோம். தாமிரத்தில் போய்வரும் மின்தடை தரத்தின்படி அதிகபட்சம் சுமார் 9.4 ஓம். 600 மில்லிஆம்பியரில் 5.6 வோல்ட் இழப்பு. ஸ்விட்ச் குறைந்தபட்சம் 50 வோல்ட் தரும். கேமராவுக்குக் குறைந்தது 42.5 வேண்டும், 44.4 கிடைக்கிறது, சரி. தாமிரம் பூசிய அலுமினியத்தில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். 14.5 ஓம் என்றால் 8.7 வோல்ட் இழப்பு, கிடைப்பது 41.3. பகலில் கேமரா குறைவாக இழுக்கும்போது ஓடும், ராத்திரி இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் விளக்கு எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். நீங்களும் கேமராவைத்தான் மாற்றுவீர்கள்.

தூரம் குறைவாத்தானே போடுறோம்? விலை பாதியாச்சே சார்!

குறைந்த தூரத்திலும் முனை பலவீனம். அலுமினியம் வளைத்தால் முறியும், ஜாக்கின் கத்தி கடித்த இடத்தில் ஆக்சைடு படிந்து தொடர்பு தளரும். டிஐஏ, ஐஎஸ்ஓ இரண்டு தரமும் தாமிரக் கடத்தியைத்தான் ஏற்கின்றன. அலுமினியக் கேபிளின் மேல் கேட் 6 என்று அச்சடிப்பது பொய். அதைத் தெரிந்தே வாடிக்கையாளருக்குப் போடாதீர்கள். போடுவதாக இருந்தால் பில்லில் அலுமினியம் என்று எழுதிக் கொடுங்கள்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஒயரைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கியும் பாருங்கள்: 0.57 மி.மீ. ஒயரில் 305 மீட்டர் கேட் 6 என்றால் தாமிரம் மட்டுமே ஐந்தரை கிலோ. சிசிஏவில் உலோகம் 3 கிலோவுக்கு மேல் குறையும்.

இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க கிராஸ் கேபிள் (ஒரு முனை ஏ, மறு முனை பி) வேண்டுமா?

ஜிகாபிட் போர்ட் என்றால் வேண்டாம், தானே மாற்றிக்கொள்ளும்.

பி வரிசையில் முதல் கலர்...

மேலே இருக்கிறது. எட்டு கலரையும் எழுதியிருக்கிறேன்.

பிராட்பேண்ட் வேகம் சாயங்காலம் குறைகிறது.

இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள், கேபிளுக்கு அதில் பங்கில்லை.

சுவரில் போட்ட கேபிளின் முனையில் நேராக ஆர்ஜே45 அடிக்கலாமா?

சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி. அதை ஜாக்கில் பஞ்ச் செய்து, அங்கிருந்து கருவிக்குப் பல இழைப் பேட்ச் கார்டு (வளையக்கூடிய சிறு கேபிள்) போடுங்கள். நேராகத்தான் அடிப்பேன் என்றால் ஒற்றைக் கம்பிக்கான முனை கேட்டு வாங்குங்கள். ஜாக் பெட்டிக்குள் ஒரு அடி உபரி விடுங்கள், திரும்ப அடிக்க வேண்டிவரும்.