பர்மாவில் செட்டியார்கள் செய்த ‘லேவாதேவி’ என்றால் என்ன? அது ஏன் அங்கே பெருகியது?

லேவாதேவி என்றால் கொடுக்கல் வாங்கல், அதாவது வட்டித் தொழில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அதை இரங்கூனிலிருந்து ஐராவதிப் படுகைக் கிராமங்கள் வரை கொண்டுபோனார்கள்.

1852-இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயருக்கு அங்கே விளையும் அரிசி ஏற்றுமதிக்கு வேண்டியிருந்தது. ஆனால் காடு திருத்தும் குடியானவனுக்கு மாடு, விதை, அறுப்புக் கூலி எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டுமே! வெள்ளைக்கார வங்கி அவனை உள்ளேயே விடாது. செட்டியாருக்குக் கடன் தரும். மூட்டையாய் வாங்கிப் படிக்கணக்கில் விற்கும் மளிகைக் கடையைப் போல, வங்கியிலும் சொந்தபந்தத்திடமும் மொத்தமாய் வாங்கி, ஊர் ஊராய்ச் சில்லறையாய்க் கொடுத்தார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம்தான். கப்பல் ஏறினால் போதும். (செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில், அதாவது உள்முற்றங்களில், நிற்கும் தேக்குத் தூண்கள் வந்த வழியும் அதுவே.)

நிலத்தைப் பிடுங்கத்தான் போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்த்தது முதலும் வட்டியும். 1930-களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோதுதான், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது.